யாழ்ப்பாணக் கடனீரேரியும் அளக்காமல் விட்ட ஆண்டுகளும்: விஞ்ஞானம் எப்போது கொள்கையாகிறது?

யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் பூநகரிக் கரையிலும் தீவகத்தைச் சூழ்ந்த பரவைக்கடலிலும் கடலட்டைப் பண்ணைகள் பெருகத் தொடங்கியபோது, அவற்றை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் விஞ்ஞானத்தையே சாட்சிக்கு அழைத்தனர். 2022 இல் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கர் பரப்பில் வர்த்தக அடிப்படையிலான அட்டை வளர்ப்புக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அட்டை சேற்றை விழுங்கி அதிலுள்ள சேதனப் பொருளை உண்டு மண்ணைத் திரும்பக் கழிக்கும் உயிர், அது கடலடியைத் துப்புரவாக்கும், பிடித்துப் பிடித்து அருகிப்போன வெள்ளை அட்டையின் மீதான அழுத்தமும் வளர்ப்பினால் குறையும் என்றனர் ஒரு பகுதியினர். பண்ணையை அடைக்கும் வலை குஞ்சு மீனும் இறாலும் நடமாடும் வழியை மறிக்கிறது, காவலுக்காக இரவில் எரியும் வெளிச்சம் இறாலைக் கரையை விட்டுக் கலைக்கிறது, சாதாழை எனப்படும் கடற்புற் படுக்கையில் தடி ஊன்றுவதால் ஓரா மீனும் நண்டும் வளரும் இடம் குலைகிறது என்றனர் களங்கண்ணி, சிறகுவலை என்ற கரையோர வலைகளை வைத்துப் பிழைக்கும் கடற்றொழிலாளர். கிராஞ்சிப் பக்கத்தில் இதற்காக மக்கள் நீண்ட நாட்கள் போராடினார்கள்.

இரு பக்கத்தாரின் கூற்றிலும் உண்மை உண்டு. அட்டை சேற்றைக் கிளறிப் புதுப்பிப்பதும் உண்மை. கடற்புல் அழிந்தால் அதில் வளரும் மீனினங்கள் குறைவதும் உண்மை. ஆனால் பிரதேச செயலகத்தின் மேசையில் இருக்கும் கேள்வி அட்டை நல்லதா கெட்டதா என்பதன்று. இந்தக் கடனீரேரியின் இந்தப் பகுதியில் எத்தனை ஏக்கர் வரை அடைத்தால் கடற்புல் தாங்கும், எந்த ஆழத்தில் அடைக்கலாம், எந்த வாய்க்காலை மறிக்கக் கூடாது என்பதே அங்கு தீர்மானிக்க வேண்டியது. இதற்கு விடை சொல்லப் பண்ணை வருவதற்கு முன்பு அந்த இடம் எப்படி இருந்தது என்ற பதிவு வேண்டும். முப்பது ஆண்டுப் போரில் கடலே தடைசெய்யப்பட்ட வலயமாகக் கிடந்த ஒரு நிலப்பகுதியில் அத்தகைய பதிவைத் தொடர்ச்சியாக வைத்திருக்க எவராலும் இயலவில்லை. வடக்கின் உயிர்ப்பல்வகைமை பற்றிய ஏறக்குறைய எல்லாச் சர்ச்சைகளும் இந்த இல்லாமையில் வந்து முட்டி நிற்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விஞ்ஞானம் கொள்கையை எவ்வாறு மாற்றுகிறது, எப்போது மாற்றத் தவறுகிறது என்பது கடந்த சில பத்தாண்டுகளில் தனியான ஓர் ஆய்வுத் துறையாகவே வளர்ந்துள்ளது. 2003 இல் டேவிட் காஷும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஒரு கட்டுரை இத்துறையில் இன்றும் அதிகம் எடுத்தாளப்படுகிறது. ஆய்வு நம்பத் தகுந்ததாக இருந்தால் மட்டும் போதாது; முடிவெடுப்பவர் அந்த வேளையில் கேட்கும் கேள்விக்கு அது பொருந்த வேண்டும், பாதிக்கப்படுவோரை ஒதுக்கிவிட்டுச் செய்யப்பட்டதல்ல என்ற ஏற்பும் அதற்கு வேண்டும் என்பது அவர்களின் முடிவு. ஆய்வாளர்கள் பெரும்பாலும் முதலாவதுடன் நின்றுவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் மூன்றாவது இல்லாமல் எந்த அறிக்கையும் எடுபடாது என்பதைச் சுன்னாகம் காட்டியது. அவ்வூர்க் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் சோதனைகள் ஒன்று சொல்ல, மாகாண சபை நியமித்த நிபுணர் குழு அபாயமில்லை என்ற பொருள்பட வேறொன்று சொல்லிற்று. மக்கள் எந்தத் தாளை நம்புவது என்று தெரியாமல் ஆண்டுக்கணக்கில் தவித்தனர். கடைசியில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றமே மாசு நிகழ்ந்தது என்று தீர்த்து, பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கப் பணித்தது. அது நீரைப் பற்றிய வழக்கு. ஆயினும் குடாநாட்டில் ஆய்வறிக்கை என்ற சொல்லைக் கேட்டதும் முகங்கள் ஏன் இறுகுகின்றன என்பதை விளங்கிக்கொள்ள அதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

விஞ்ஞானம் விரைந்து கொள்கையான இடமும் உண்டு. தென்னாசியாவில் பாறுக் கழுகுகள் 1990களில் கூட்டங்கூட்டமாக மடிந்தன. இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1992 முதல் 2007 வரையான காலத்தில் 99 வீதத்துக்கும் மேல் குறைந்தது. முதலில் நோய்க்கிருமி என்றே பலரும் ஐயுற்றனர். லின்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு பாகிஸ்தானில் செய்த ஆய்வு, மாடுகளுக்கு வலிநிவாரணியாகக் கொடுக்கப்பட்ட டைக்குளோபினாக் என்ற மருந்து சடலத்தில் தங்கி, அதை உண்ட கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது என்று 2004 இல் நிறுவிற்று. இரண்டே ஆண்டுகளில், 2006 இல், இந்தியாவும் பாகிஸ்தானும் நேபாளமும் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தன. அத்தனை வேகத்துக்குக் காரணங்கள் தெளிவானவை. குற்றவாளி ஒன்றே, மெலோக்சிக்கம் என்ற மாற்று மருந்து கழுகுக்குத் தீங்கற்றது என்று சோதித்துக் கையில் வைத்திருந்தார்கள், தடையினால் பிழைப்பை இழப்போர் மிகச் சிலர். அப்படியிருந்தும், மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்கு ஏற்றும் வழக்கம் தொடர்ந்தது. 2015 இல் இந்தியா குப்பியின் அளவை 3 மில்லிலீற்றராகக் குறைத்த பிறகே அந்த ஓட்டை ஓரளவு அடைபட்டது. சட்டம் எழுதிய பின்பும் அது எங்கே கசிகிறது என்று பார்த்துச் சொல்ல விஞ்ஞானம் வேண்டியிருந்தது.

கடனீரேரி அப்படி ஒற்றைக் காரணம் கொண்ட சிக்கலன்று. அதனால் பாறுக் கழுகின் கதையை விட கனடாவின் நியூபவுண்லாந்துக் கரையில் கொட் மீனுக்கு நேர்ந்ததே நமக்கு நெருக்கமான பாடம். அங்கே அரசு விஞ்ஞானிகள் மீன் இருப்பை ஆண்டுதோறும் கணித்தார்கள். தரவும் இருந்தது, ஆய்வுக் கப்பலும் இருந்தது. ஆனால் அவர்களுடைய கணிப்பு பெருமளவு பெரிய இழுவைக் கப்பல்களின் பிடிவீதத்தில் தங்கியிருந்தது. கருவிகள் மேம்பட்டதாலும், எஞ்சிய மீன் ஓரிடத்தில் திரண்டு நின்றதாலும், மீன் குறையக் குறையவும் அக்கப்பல்களின் பிடி குறையாமலே தெரிந்தது. கரையோரம் சிறு படகில் தொழில் செய்தோர் 1980களின் நடுவிலிருந்தே மீன் சிறுத்துவிட்டது, வரத்துக் குறைந்துவிட்டது என்று சொல்லி வந்தனர். அவர்களின் சங்கம் சொந்தமாக ஆய்வாளர்களை அமர்த்தி 1986 இல் அறிக்கையும் பெற்றது. அது ஏற்கப்படவில்லை. 1992 யூலையில் மீன்பிடி முற்றாக நிறுத்தப்பட்டபோது 30,000 பேருக்கு மேல் வேலை இழந்தனர். அங்கே விஞ்ஞானம் புறக்கணிக்கப்படவில்லை. கொள்கை நெடுங்காலம் பெருமளவு அதையே பின்பற்றிற்று. பிழை, எவருடைய கண்ணால் கடலைப் பார்த்து அளந்தார்கள் என்பதிலே இருந்தது.

நம் பக்கத்திலும் நூறாண்டு பழைய எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. முத்துச்சிப்பி வளரும் கடலடித் திட்டுகளான மன்னார் முத்துப்பார்கள் ஏன் சில ஆண்டுகளில் கொழிக்கின்றன, ஏன் நெடுங்காலம் வெறுமையாகின்றன என்று அறிய, ஆங்கில அரசு 1902 இல் வில்லியம் ஹேர்ட்மன் என்ற கடல் உயிரியலாளரை வரவழைத்தது. அவரும் உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னெலும் செய்த ஆய்வு 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வந்தது. பெரியபாரில் எண்ணற்ற சிப்பிக் குஞ்சுகள் படிகின்றன, ஆனால் அவை வளருமுன் பருவக்காற்றின் நீரோட்டம் அவற்றை அள்ளிச் செல்கிறது, ஆகையால் அக்குஞ்சுகளைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றி வளர்க்க வேண்டும் என்பது அவர்களின் பரிந்துரைகளுள் ஒன்று. 1905 இல் வரலாறு காணாத சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, வாய்த்தது. அடுத்த ஆண்டே அரசு முத்துப்பார்களை ஒரு தனியார் நிறுவனத்துக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. சில பருவங்களுக்குள் சிப்பி அற்றுப்போய், குத்தகை முடியுமுன் நிறுவனமும் கலைந்தது. முத்துப்பார் ஏற்ற இறக்கம் உடையது, அடுத்த ஆண்டுக்கு உறுதி கிடையாது என்பதே ஆய்வின் சாரம். குத்தகைப் பத்திரமோ ஆண்டுதோறும் நிலையான வருமானம் வரும் என்ற கணக்கில் எழுதப்பட்டது. ஐந்து தொகுதி அறிக்கை கையில் இருந்தும், ஒரே ஒரு நல்ல பருவம் அதை வென்றுவிட்டது.

இனிக் கண்டற் காட்டுக்கு வருவோம். விஞ்ஞானம் எந்த இடத்தில் கொள்கைக்குள் நுழையலாம் என்பதை நம் நாட்டில் இதைவிடத் தெளிவாகக் காட்டும் விடயம் எனக்குத் தெரியவில்லை.

2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கைக் கரையெங்கும் கண்டல் நடுகை ஓர் இயக்கம் போல நடந்தது. தொண்டு நிறுவனங்களும் திணைக்களங்களும் பாடசாலைகளும் கலந்துகொண்டன. உருகுணைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிற நாட்டவருடன் சேர்ந்து அந்த நடுகைகளைத் திரும்பப் போய்ப் பார்த்து 2017 இல் முடிவுகளை வெளியிட்டனர். நடுகை நடந்த 23 தளங்களில் 9 தளங்களில் ஒரு கன்றுகூட எஞ்சவில்லை. பாதிக்கு மேல் தப்பிய தளங்கள் மூன்றே: கற்பிட்டி, பம்பலை, நீர்கொழும்பு. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை முயற்சி நடந்ததில் பயன் தந்தது 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டும்.

ஏன் இப்படி என்பதற்கு அவர்கள் சொன்ன காரணங்களை நம் கரையில் நின்று பார்த்தால் எளிதாக விளங்கும். கண்டல் நடுகை என்றால் பொதுவாக நடப்படுவது நீண்ட கோல் போன்ற நாற்றுள்ள றைசோபோரா. பொறுக்குவதும் எளிது, சேற்றில் குத்துவதும் எளிது, வரிசையாக நட்டுவிட்டால் படத்துக்கும் அழகாக இருக்கும். நடுவதோ மற்ற எவரும் உரிமை கோராத, பெரும்பாலான நேரம் நீர் மூடிக் கிடக்கும் வெறும் சேற்று மேடை. அங்கே இயற்கையாகக் கண்டல் முளைக்காமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. வேர் மூச்சுவிடும் நேரம் போதாது. மேலும் யாழ்ப்பாணக் கடனீரேரியில் வற்று பெருக்கு மிகச் சிறிது. ஆவணி வெயிலில் நீர் கடலைவிட உப்பேறும், கார்த்திகை மழையில் திடீரென நன்னீர் கலக்கும். நட்ட கோல்களில் சில மாதத்தில் கொட்டலசு ஒட்டிக்கொள்ளும், தண்டு பாரம் தாங்காமல் சாயும், மறு கோடையில் இலையற்ற குச்சிகள் வரிசையாக நிற்கும். அதே கரையில், பழைய மீன்வளர்ப்புக் குளத்தின் அணையை வெட்டி நீரோட்டத்தைத் திருப்பிவிட்டால், எவரும் நடாமலே கண்ணா மரத்தின் விதைகள் மிதந்து வந்து தாமாக முளைத்துவிடும். நீர் சரியான உயரத்தில் வந்து போகும்படி செய்வதுதான் மீளுருவாக்கத்தின் பெரும்பங்கு வேலை என்பது உலகில் பல இடங்களில் உறுதியான அறிவு.

இந்த அறிவு கொள்கைக்குள் எப்படி நுழையலாம் என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு திட்டத்தின் வெற்றியை நட்ட கன்றின் எண்ணிக்கையால் அளக்கும் வரை, நடுபவர் எவரும் வேறு விதமாக நடந்துகொள்ளக் காரணமே இல்லை. நிதி தருபவர் எண்ணிக்கை கேட்கிறார், திணைக்களம் எண்ணிக்கை எழுதுகிறது, விழா முடிகிறது. ஐந்தாம் ஆண்டில் உயிரோடு நிற்கும் மரத்தை எண்ணிச் சொல்லு என்று கேட்டால் முழு வேலைமுறையும் மாறும்: இடத் தெரிவு மாறும், இனத் தெரிவு மாறும், பிந்திய பராமரிப்புக்குப் பணம் ஒதுக்க வேண்டிவரும். 2020 இல் கண்டற் சூழற்றொகுதிகளுக்கென்று இலங்கைக்குத் தனியான தேசியக் கொள்கை வந்தது. நிலத்தில் எஞ்சிய மரத்தை எண்ணும் கணக்கு அதற்குக் கீழே ஒவ்வொரு மாவட்டத்திலும் வழக்கமானால்தான் அந்தக் கொள்கைக்கு உயிர் வரும். எதை எண்ணுவது என்பதை மாற்றுவதே விஞ்ஞானம் நிருவாகத்துக்குச் செய்யக்கூடிய மிக ஆழமான உதவி என்று நான் நம்புகிறேன். புள்ளிவிவரப் படிவத்தின் ஒரு நிரலை மாற்றுவது எவருடைய கண்ணிலும் படாத வேலை. ஆயினும் அமைச்சருக்கு எழுதும் நூறு மனுக்களைவிட அது நீடித்து நிற்கும்.

அளப்பது ஒன்றும் எட்டாத தொழில்நுட்பமன்று. உலகின் பல கரைகளில் கடற்புல்லை அளக்கும் எளிய முறையொன்று நடைமுறையில் உள்ளது. கரையிலிருந்து உள்ளே 50 மீற்றர் நீளத்துக்கு நாடாவை விரித்து, 5 மீற்றருக்கு ஒரு முறை 50 சென்ரிமீற்றர் சதுரச் சட்டம் ஒன்றை அடியில் வைத்து, அச்சட்டத்துக்குள் எத்தனை வீதம் புல் மூடியிருக்கிறது, எந்தெந்த இனம், இலையின் உயரம் என்ன, மண் மணலா சேறா என்று எழுதுவார்கள். இதுபோல 25 மீற்றர் இடைவெளியில் மூன்று கோடுகள். மொத்தம் 33 சட்டங்கள். அடுத்த முறையும் அதே இடத்தில், அதே பருவத்தில் செய்ய வேண்டும். யாழ்ப்பாணக் கடனீரேரி பல இடங்களில் இடுப்பளவுக்கு மேல் ஆழமில்லாதது. சோளகக் காற்று எழுந்து நீரைக் கலக்குமுன் காலையில் இறங்கினால் நடந்தே முடித்துவிடலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கடற்றொழில், விலங்கியல், தாவரவியல் மாணவர்களுக்கு இது இயலாத காரியமன்று. கூட்டுறவுச் சங்க இளைஞர்களுக்கும் ஒரு நாள் பயிற்சி போதும். செய்ய வேண்டியது பத்தாண்டு, இருபதாண்டு விடாமல் செய்வது. நம் நிதி ஒழுங்குகள் மூன்றாண்டுத் திட்டத்துக்கு மேல் எதற்கும் இடம் கொடாமையால், இதுவே எல்லாவற்றிலும் கடினமான பகுதியாகிவிடுகிறது.

தொடர்ந்து அளக்காவிட்டால் என்ன நேரும் என்பதை மீன்வள விஞ்ஞானி டானியல் போலி 1995 இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை சொல்கிறது. ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தாம் தொழிலுக்கு வந்தபோது கண்ட கடலையே இயல்பான கடல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு முன் இழந்தது கணக்கில் வருவதில்லை. நம் கரையில் இது இருமடங்கு பொருந்தும். 1990களில் பிறந்தோர் கடலில் இறங்க விடப்பட்டபோது ஏற்கெனவே இழுவைமடி கடலடியைப் பலகாலம் வாரியிருந்தது. ஆனையிறவிலிருந்து தொண்டைமானாறு வரை, பண்ணையிலிருந்து பொன்னாலை வரை, வீதிக்காகவும் நன்னீர்த் திட்டங்களுக்காகவும் போட்ட அணைகளும் தடுப்புகளும் கடனீரேரியின் ஓட்டத்தை ஏற்கெனவே மாற்றியிருந்தன. எழுபது வயதைக் கடந்த தொழிலாளரின் நினைவில்தான் அதற்கு முந்தைய கடல் இருக்கிறது. எந்த வாடியில் எந்த மாதம் எந்த மீன் பட்டது, எந்தக் கரையில் ஆவுளியா என்ற கடற்பசு மேய்ந்தது, எங்கே சாதாழை ஆள் முழங்காலளவு நின்றது என்பதை முறையாகக் கேட்டு, வரைபடத்தில் குறித்து, ஒருவர் சொன்னதை மற்றவர் சொன்னதோடு ஒப்பிட்டு வைப்பதும் விஞ்ஞானமே. 2012 இல் அமைந்து ஜேர்மனியின் பொன் நகரில் செயலகம் கொண்டிருக்கும் ஐ.பி.பி.ஈ.எஸ். என்ற அரசுகளிடையேயான உயிர்ப்பல்வகைமை மேடை, உள்ளூர் மக்களின் அறிவைத் தன் மதிப்பீடுகளில் சேர்ப்பதை விதியாகவே வைத்திருக்கிறது. பத்து இலட்சம் இனங்கள் அழிவின் விளிம்பில் என்று 2019 இல் சொன்ன அதே அமைப்புத்தான் அது. அதன் சுருக்க அறிக்கை ஒவ்வொன்றையும் உறுப்பு அரசுகளின் பேராளர்கள் உட்கார்ந்து வரிவரியாக ஏற்கிறார்கள். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் தான் ஏற்ற வரியைப் பின்னர் ஓர் அரசு மறுப்பது கடினம்.

இழுவைமடி பற்றி இங்கே விரிவாகச் சொல்லத் தேவையில்லை. வடக்கில் அதை அறியாதவர் இல்லை. பாக்கு நீரிணை பெரும்பாலும் 15 மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையது. அப்படிப்பட்ட கடலில் அடிமடி இழுத்தால் கடற்புல்லும் சிப்பியும் குஞ்சும் சேர்ந்தே வாரப்படும் என்பதற்கு ஆய்வும் அனுபவமும் ஒன்றாகச் சாட்சி சொல்கின்றன. 2017 இல் யாழ்ப்பாண மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் எம். ஏ. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் நிறைவேறி, கடற்றொழில் சட்டத்தில் அடிமடி இழுவை தடைசெய்யப்பட்டது. இங்கே தள்ளியது தொழிலாளரின் குரல். விஞ்ஞானம் அதற்குப் பின்னால் துணையாக நின்றது. அந்தத் தடை எல்லை தாண்டி வரும் படகுகளை மட்டுமன்றி நம் கரையிலேயே இழுவை செய்தோரையும் கட்டுப்படுத்தியது என்பதால், அதை ஏற்பதற்கு இங்கேயும் சிலருக்கு இழப்பு இருந்தது. தடைக்குப் பின் கடலடி மீண்டதா என்று சொல்லத் தடைக்கு முந்தைய அளவு வேண்டும். மறுபடியும் அதே இடைவெளி.

ஒரே கடலில் ஒரே உயிர் பற்றிய ஒரே அறிவு இரு வேறு கொள்கைகளாகவும் ஆகலாம். இந்தியா 2001 இல் எல்லாக் கடலட்டைகளையும் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துப் பிடிக்கத் தடை விதித்தது. இலங்கையோ உரிமம் கொடுத்துப் பிடிக்கவும் வளர்க்கவும் விடுகிறது. தமிழ்நாடு 2022 செப்தெம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளில் 448 சதுர கிலோமீற்றரை ஆவுளியாவுக்கென ஒதுக்கியது. ஆவுளியா கடற்புல்லை மட்டுமே நம்பி வாழ்வது, மூன்று முதல் ஏழு ஆண்டுக்கு ஒரு குட்டி ஈனுவது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு வலையில் சிக்கி மாண்டாலும் அதன் இனம் ஈடுகட்ட மாட்டாது. கடல் எல்லைக்கோடு அதற்குத் தெரியாது. எந்த அளவு ஆபத்தை ஏற்பது, யாருடைய பிழைப்பை முன்வைப்பது என்ற தேர்வு விஞ்ஞானத்துக்கு வெளியே நிற்கிறது. விஞ்ஞானி அத்தேர்வைத் தாமே செய்துவிட்டு அதற்கு விஞ்ஞானம் என்று பெயரிடக் கூடாது. அரசியல்வாதி தம் தேர்வை ஆய்வு முடிவென்று காட்டவும் கூடாது. எந்தத் தேர்வுக்கு என்ன விளைவு என்று தெளிவாக எழுதி வைப்பதே ஆய்வாளரின் கடமை.

மன்னார்த் தீவில் காற்றாலைக்கும் பறவைக்கும் இடையே எழுந்த வழக்கு, காலத்தின் சிக்கலைக் காட்டுகிறது. மத்திய ஆசிய வான்வழியில் வரும் பறவைகள் புரட்டாதி முதல் சித்திரை வரை நம் கரைகளில் தங்குகின்றன. வங்காலைச் சரணாலயம் 2010 இல் சர்வதேச முக்கியத்துவமுடைய ராம்சார் ஈரநிலமாயிற்று. தென்கரையில் 30 காற்றாலைகளுடன் 103.5 மெகாவாற் தம்பபவனி மின்நிலையம் 2020 இன் இறுதியில் இயங்கத் தொடங்கியது. பறவைகளை எண்ணுவதால் எத்தனை இருக்கின்றன என்று தெரியும். எந்த உயரத்தில், எந்தப் பாதையில் பறக்கின்றன என்று தெரியாது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்னவும் குழுவினரும் மன்னாரில் கடற்காக்கைகளுக்குச் செய்மதிக் கருவி பொருத்தியபோது, அவை ரஷ்யாவின் வடதுருவப் பகுதி வரை போய் மீள்வது பதிவாகிற்று. அத்தகைய அறிவு கிடைக்கப் பல பருவங்கள் தேவை. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டுக்கோ மாதக்கணக்கே கிடைக்கிறது. அறிக்கை வெளியானதும் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாட்கள். இரண்டாவது பெரிய காற்றாலைத் திட்டத்தை எதிர்த்துச் சுற்றாடல் அமைப்புகள் 2024 இல் உயர் நீதிமன்றம் சென்றன. 2025 பெப்ரவரியில் முதலீட்டு நிறுவனம் விலகிக்கொண்டது. மின்விலை பற்றிய பிணக்கு அதில் பெரும்பங்கு வகித்தமையால், அதைப் பறவை விஞ்ஞானத்தின் வெற்றி என்று கொண்டாடுவது மிகையாகும். புதைபடிவ எரிபொருளைக் குறைக்கவும் வேண்டும், பறவை வழியையும் காக்க வேண்டும். பல பருவத் தரவு முன்கூட்டியே கையில் இருந்தால் எந்த ஏக்கரில் ஆலை வைக்கலாம் என்று பேசியிருக்கலாம். இல்லாததால் வேண்டும், வேண்டாம் என்ற இரண்டே சொற்களில் வழக்காடவேண்டி வந்தது.

வடக்கில் இன்னொரு புண்ணும் உண்டு. 1938 இலிருந்து சரணாலயமாக இருந்த சுண்டிக்குளம் 2015 இல் விரிந்த எல்லையுடன் தேசியப் பூங்காவாயிற்று. அதே ஆண்டில் நெடுந்தீவின் ஒரு பகுதியும் அவ்வாறே அறிவிக்கப்பட்டது. இடப்பெயர்வினால் ஆளில்லாமல் கிடந்து பற்றை வளர்ந்த காணிகளைக் காடென்று வர்த்தமானியில் குறித்துவிட்டார்கள் என்ற முறைப்பாடு வடமாகாணத்தின் பல பிரதேசங்களில் இன்றும் எழுகிறது. பூநாரைக்கும் கரையோரப் பறவைக்கும் சுண்டிக்குளம் இன்றியமையாதது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வரைபடத்தில் கோடு கீறியோர் அந்த ஊர்களின் பழைய தோட்டங்களையும் மேய்ச்சல் தரவைகளையும் பிரதேச செயலகப் பதிவுகளோடு ஒப்பிட்டிருந்தால், பாதுகாப்பு என்ற சொல்லே பறிப்பு என்று பொருள்படும் நிலை வந்திராது. 2022 டிசம்பரில் மொன்றியலில் நாடுகள் ஏற்ற உலக உடன்பாடு, 2030 க்குள் நிலத்திலும் கடலிலும் 30 வீதத்தைக் காக்க வேண்டும் என்கிறது. வீதத்தை எட்டும் அவசரத்தில் எளிதாகக் கிடைக்கும் காணியை அடைப்பதற்கும், எந்த இடம் எந்த உயிருக்கு இன்றியமையாதது என்று கண்டு அதைக் காப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் மக்கள் விலை கொடுத்துக் கற்றிருக்கிறார்கள்.

ஒரு கண்டல் மரத்தின் மேல் எத்தனை அலுவலகங்களுக்கு அதிகாரம் என்று பார்த்தாலே ஆய்வு ஏன் எங்கும் போய்ச் சேருவதில்லை என்பது புரியும். வனத் திணைக்களம், வனஜீவராசிகள் திணைக்களம், கரையோரம் பேணல் திணைக்களம், மத்திய சுற்றாடல் அதிகாரசபை, கடற்றொழில் திணைக்களம், பிரதேச செயலகம், பிரதேச சபை. அட்டைப் பண்ணைக்கு இவற்றோடு நீருயிரின வளர்ப்பைக் கவனிக்கும் நெக்டாவும் நீரியல்வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவும் சேரும். அறிக்கை ஒவ்வொரு மேசைக்கும் பிரதியாகப் போகும். எந்த மேசையும் அதை வைத்து முடிவெடுக்கக் கடமைப்பட்டதாக இராது. ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்திலேயே நின்றுவிடுவதால் சங்கத் தலைவரோ கிராம அலுவலரோ அவற்றைப் படித்துக் கேள்வி கேட்கவும் வழியில்லை.

அதனால் நான் முன்வைப்பது பெரிய ஆணைக்குழுவோ புதிய சட்டமோ அல்ல. இப்போது வழங்கப்படும் பண்ணை உரிமத்திலேயே மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கலாம். வலை அடைக்குமுன் அந்த இடத்திலும், அதையொத்த அடைக்காத இன்னோர் இடத்திலும், மேலே சொன்ன 33 சட்ட அளவை எடுத்துப் பிரதேச செயலகத்தில் தமிழில் வைக்க வேண்டும். அந்த அளவை எடுப்பவர் பண்ணைக்காரரின் கூலியில் இருக்கக் கூடாது. பல்கலைக்கழக மாணவர் ஒருவரும் அக்கரையின் கடற்றொழிலாளர் சங்கப் பிரதிநிதி ஒருவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். உரிமம் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அதே மாதத்தில் இரு இடங்களையும் மறுபடி அளந்து, அடைத்த இடத்தின் கடற்புல் அடைக்காத இடத்தைவிட முன்கூட்டியே ஒப்புக்கொண்ட அளவுக்கு மேல் குறைந்திருந்தால், பரப்பைக் குறைக்க வேண்டும். அந்த ஒப்புக்கொண்ட அளவு என்னவாக இருக்க வேண்டும் என்பதைச் சங்கமும் பண்ணையாளரும் திணைக்களமும் உரிமம் கொடுக்குமுன்பே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். செலவுக்கு உரிமக் கட்டணத்தின் ஒரு பங்கை ஒதுக்கலாம். முதல் அளவை எடுக்க ஏற்ற காலம் மாரி ஓய்ந்து நீர் தெளிந்து, சோளகம் இன்னும் எழாத மாசி, பங்குனி மாதங்கள்.